எட்டாம் ஃபாரம்

மே மாதம் பதினான்காம் தேதி புதன்கிழமை, கொரட்டூரில் நாற்பத்தோரு டிகிரி வெயில் அடித்த பிற்பகலில், பிரகாசம் தன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது காலின் இரண்டு விரல்களைப் பனியில் இழந்தார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. விரல்கள் முதலில் மெழுகுபோல் வெளுத்தன, பிறகு நீலம் பாரித்தன, நாலரை மணிக்கு அவர் மனைவி ஞானகுமாரி வேலையிலிருந்து திரும்பியபோது கறுத்திருந்தன. மடியில் ஒரு புத்தகம் 112ஆம் பக்கத்தில் திறந்து கிடந்தது. அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. விரல்களை எடுத்த இளம் மருத்துவர், தான் ஒரு வருடம் மலைப் பிரதேசத்தில் வேலை பார்த்ததாகவும் இந்த மாதிரிக் கால்களை அங்கேதான் பார்த்ததாகவும் செவிலியரிடம் சொல்லிவிட்டு, சீட்டில் சர்க்கரை நோய் என்றே எழுதினார். கொரட்டூரில் கால்விரல் போனதற்கு வேறு காரணம் எழுதினால் மேலே கேள்வி வரும்.

பிரகாசத்துக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. கிழக்கே சென்ட்ரல், மேற்கே திருநின்றவூர், தெற்கே வேளாங்கண்ணி, இவற்றைத் தாண்டி அவர் போனதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார்க் கதவுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் பிரஸ் மிஷின் ஓட்டினார். 2019இல் அந்தத் தொழிற்சாலையை வேறு மாநிலத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கடைசி நாளில் எல்லோரும் கேட்டைத் தாண்டிய பிறகு கடைசி ஆளாக வெளியே வந்தவர் அவர்தான். எங்கேயும் கடைசியாக வருவது அவர் சுபாவம். எல்லோரும் ஏறட்டும் என்று நின்று ரயிலையே விட்டிருக்கிறார். கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றால், பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராக முன்னே விட்டுவிட்டு வரிசையின் வாலில் நிற்பார். வேலை போனதோடு அவருக்குப் பேச்சும் போயிற்று. சண்டையோ கோபமோ இல்லை; பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. இரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பெனிஷா அப்போது படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டை நடத்தியது ஞானகுமாரியின் கால்கள்.

அவள் அதே தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஃபாரம் அடுக்குகிறவள். பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி மடிந்து வந்தால் அது ஒரு ஃபாரம். ஒரு புத்தகத்துக்குப் பதின்மூன்று ஃபாரம் என்றால், நீள மேசையைச் சுற்றிப் பதின்மூன்று குவியல்கள் வைத்திருப்பார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு குவியலிலும் ஒன்று எடுத்து அடுக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புத்தகம். ஞானகுமாரி பத்தொன்பது வருடமாக அந்த மேசையைச் சுற்றி நடந்தாள். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் தேறும் என்று பெனிஷா ஒருமுறை கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். அடுக்கியது சரியா என்று பார்க்க எழுத்தைப் படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் அந்தப் பட்டைகள் படிக்கட்டுபோல வரிசையாக இறங்கும். ஒன்று விட்டுப்போனால் படிக்கட்டில் ஒரு படி இருக்காது. அதைக் கவனிக்காமல் ஒட்டி அட்டை போட்டுவிட்டால் பிறகு கண்ணுக்குத் தெரியாது. அப்படிப் பிழையாகிப்போன பிரதிகளை அச்சகத்தில் ஒரு தட்டில் சேர்த்துவைத்து, ஆயுத பூஜையன்று பொரி கடலையோடு வேலைக்காரர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கழிவுத் தாள்களையும் அவர்கள் எடுத்துப்போகலாம். அச்சகப் பெண்களின் வீடுகளில் சமையல் அலமாரித் தட்டுகளில் எல்லாம் ஏதோ ஒரு புத்தகத்தின் ஏதோ பதினாறு பக்கம் விரிந்திருக்கும். ஞானகுமாரி வீட்டுக்கு வந்த பிழைப் பிரதிகள் கட்டில் காலுக்கு அடியிலும் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியிலும் உயரம் கொடுத்துக்கொண்டிருந்தன.

2021 நவம்பர் மழையில் கொரட்டூர் ஏரி தெருவுக்குள் வந்தது. ஐந்து நாள் மின்சாரம் இல்லை. கட்டிலைத் தூக்கி மேசைமேல் வைத்தபோது அதன் காலுக்கு அடியிலிருந்து ஒரு பாலைவனப் பயணப் புத்தகம் வெளிப்பட்டது. பார்ப்பதற்குத் தெருவும் தண்ணீருக்குள் போய்விட்டதால் பிரகாசம் அதைப் படிக்க ஆரம்பித்தார். தண்ணீர் வடிந்த அன்று தெருவில் எல்லோர் வீட்டிலும் கறுப்புச் சேறு கிடந்தது. பிரகாசத்தின் நாற்காலியைச் சுற்றி மட்டும் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த செம்மணல் கிடந்தது. ஞானகுமாரி அதை முறத்தில் அள்ளி, வாசலில் சேற்றின் மேல் போட்டாள். நடக்க வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் படித்தார். துறைமுகப் புத்தகம் படித்த வாரம் வீட்டில் உப்புக் காற்று அடித்து ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. காட்டுப் புத்தகம் படித்தபோது அவர் கெண்டைக்காலில் அட்டைகள் தொங்கின. பெனிஷா உப்புப் போட்டு எடுத்தாள். ஆனால் அவர் கண்ட உலகம் எல்லாமே பிழைப் பிரதி உலகம். ஒரு நதியின் பிறப்பிடம் அவருக்குத் தெரியும், கழிமுகம் தெரியும், நடுவில் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாது. ஒரு தீவில் ஒரே திருவிழாவை இரண்டு முறை பார்த்தார். ஃபாரம் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்த ஒரு நகரத்தில் மூன்று நாள் தலைகீழாக நடந்து, மூக்கில் ரத்தத்தோடு திரும்பினார். அச்சு விழாத வெள்ளைப் பக்கங்கள் கொண்ட ஒரு புத்தகத்திலிருந்து வந்தபோது இரண்டு நாள் கண் திறக்கவில்லை, என்ன பார்த்தார் என்று பெனிஷா கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. அங்க ஒண்ணுமே இல்ல பாப்பா" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. ராத்திரி சோறு பிசையும்போது ஒட்டகம் எப்படி முழங்கால் மடிக்கும் என்றும், பனை இல்லாத ஊரில் கூரைக்கு என்ன போடுவார்கள் என்றும் சொல்வார். ஞானகுமாரி கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கையால் அடுக்கிய தேசங்கள் அவர் வாய் வழியாக அவளுக்கு வந்து சேர்ந்தன. அது அவர்கள் வீட்டின் நல்ல காலம். மூன்றரை வருடம் நீடித்தது.

தவறு 2023 நவம்பரில் நடந்தது. ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர், தான் ஒரு நண்பரோடும் ஒரு கூலியாளோடும் வடக்கே ஒரு பனிக் கணவாயைக் கடந்ததை எழுதி, சொந்தச் செலவில் முந்நூறு பிரதி போடக் கொடுத்திருந்தார். அன்று ஞானகுமாரி ஏழாம் குவியலில் கை வைத்தபோது, மேசைக்கு எதிர்ப்புறம் நடந்துகொண்டிருந்த பொன்னியம்மா குரல் கொடுத்தாள்.

"யக்கா, உங்க ஊட்டுக்காரு இன்னிக்கு எந்தத் தேசத்துல கீறாரு?"

பசை வாளியைக் கலக்கிக்கொண்டிருந்த பைண்டிங் மேஸ்திரி முகமது இஸ்மாயில் சேர்ந்துகொண்டார். "அரேபியாவா இருந்தா சொல்லு ஞானம். வரசொல்ல ரெண்டு கிலோ பேரீச்சம்பழம் இட்டாரட்டும்."

"அவரு தேசம் தேசமா போய்ட்டு ஊடு வந்து சேந்துடறாரு பாய். இவ ஊட்டுக்காரு தெருமுனை ஒயின்ஷாப்புக்குப் போனாலே நாலு பேரு தூக்கியாரணும்" என்றாள் ஞானகுமாரி.

மேசையே சிரித்தது. பொன்னியம்மாதான் அதிகம் சிரித்தாள். சிரித்து முடித்த ஞானகுமாரி எங்கே விட்டோம் என்று பார்க்காமல் ஏழாம் ஃபாரத்திலேயே இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதுக்கு நகர்ந்தாள். வேலை முடியும்போது ஏழாம் குவியல் ஒன்று முன்னதாகத் தீர்ந்தது. எட்டாம் குவியலில் ஒன்று மிஞ்சியது. யாரோ ரெண்டு தபா எடுத்துகீறீங்க என்றார் இஸ்மாயில். ஒட்டி அட்டை போட்ட பிறகு அந்தப் பிரதி பிடிபட்டு, பிழைத் தட்டுக்குப் போயிற்று. மிஞ்சிய எட்டாம் ஃபாரம் கழிவுத் தாளோடு போயிற்று. மறு மாதப் பெருவெள்ளத்தில் அச்சகத்தின் கணினி மூழ்கியது. அயனம்பாக்கத்தில் தபால் அதிகாரி வீட்டுத் தரைத்தளத்தில் கட்டுக்கட்டாக இருந்த புத்தகங்களும் மூழ்கின. அந்த அதிர்ச்சியில் அவர் தை மாதம் காலமானார்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பிழைப் பிரதி பொரியோடு வீட்டுக்கு வந்தது. பிரகாசம் கையிலிருந்தவற்றை முடித்துவிட்டு, மே மாதம் அதை எடுத்தார். அந்தப் புதன்கிழமை 97ஆம் பக்கத்தில், கடைசிக் கிராமத்தின் டீக்கடையில் தொடங்கி, 112ஆம் பக்கம்வரை பனியில் நடந்து, விரல்கள் வலித்ததால் அங்கேயே நிறுத்தினார். கட்டு ஆறும்வரை ஞானகுமாரி அந்தப் புத்தகத்தை மாவுச் சல்லடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஜூன் கடைசியில் அவரே கண்டுபிடித்தார். பாதியில் விட்டால் மனசு அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது என்றார். அன்று அவள் திரும்பி வந்தபோது நாற்காலியில் அவர் இல்லை. புத்தகம் கவிழ்ந்து கிடந்தது, மேலே அவர் மூக்குக் கண்ணாடி இருந்தது. செருப்பு வாசலில் இருந்தது. ஒரு காலில் மூன்று விரல்கள் மட்டுமே உள்ளவர் செருப்பில்லாமல் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று தெருக்காரர்கள் ஏரிக்கரை முழுவதும் தேடினார்கள். காவல் நிலையத்தில் காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

பத்தொன்பது வருடம் புத்தகம் அடுக்கிய ஞானகுமாரி முதல்முறையாக ஒரு புத்தகத்தைப் படித்தது அந்த வாரத்தில்தான். எட்டாவதுவரை படித்தவள், விரலை வரிக்குக் கீழே வைத்து மெல்லப் படித்தாள். 104ஆம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'எங்கள் மூவருக்கும் பின்னால், இருபதடி தள்ளி, நீலக் கைலி கட்டிய ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார். யார் என்று நாங்கள் கேட்கவில்லை.' 112ஆம் பக்கம் பாதி வாக்கியத்தில் முடிந்தது: 'கணவாயின் உச்சிக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போது'. அடுத்த தாளைப் புரட்டினால் மறுபடியும் 97, அதே டீக்கடை. அது முடிந்து புரட்டினால் 129: 'இடம் கிடைக்காமல் பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம்'. பனி உச்சியிலிருந்து பேருந்துக்குக் கால் வைக்க வழியில்லை. புத்தகத்துக்குச் சொந்தமான மூவரும் அச்சில் கடந்து போய்விட்டார்கள். நடுவில் புகுந்த பிரகாசம் மட்டும் 112இல் முட்டி, 97க்குத் திரும்பி, மறுபடி நடந்தார். முதல் ஏழாம் ஃபாரத்தில் அவர் இருந்தால் இரண்டாவதில் இருக்க மாட்டார். டீக்கடையில் அவர் தெம்பாக இருப்பார். 112க்குள் கால் கறுத்துவிடும். புத்தகத்தை மூடி வைத்தாலும் நடை நிற்கவில்லை. பெனிஷா தன் ஸ்வெட்டரை 104ஆம் பக்கத்தில் மடித்து வைத்து மேலே அம்மிக்குழவியை வைத்தாள். மறுநாள் ஸ்வெட்டர் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

படிக்கட்டில் ஒரு படி இல்லை என்பது ஞானகுமாரிக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் படியை எடுக்காமல் விட்ட கை எது என்பதும் தெரியும். எட்டாம் ஃபாரம் கிடைத்தால் வெட்டிச் செருகிவிடலாம், அவர் உச்சியைத் தாண்டிப் பேருந்துக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள். ஜூலையிலிருந்து ஒவ்வொரு வார விடுமுறையும் நூலகங்களுக்குப் போனாள். ஆவடியில் இல்லை. திருநின்றவூரில் பதிவேட்டில் இருந்தது, அலமாரியில் இல்லை. பூந்தமல்லியில் பார்வதம் என்ற நூலகர் அவளோடு சேர்ந்து இரண்டு நாள் தேடி, கடைசியில் வெள்ளத்தில் நனைந்து எடைக்குப் போட்ட புத்தகங்களின் பட்டியலில் அதைக் காட்டினார். அயனம்பாக்கத்தில் தபால் அதிகாரியின் மகன், அப்பாவின் மேசையில் இருந்த பிரதியைச் சவப்பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னார்.

இதற்குள் பிரகாசம் தேய்ந்துகொண்டிருந்தார். ஆகஸ்டில் அவர் மூவருக்கும் ஐம்பதடி பின்னால் வந்தார். அக்டோபரில் 'தூரத்தில் ஒரு நீலப் புள்ளி' என்று இருந்தது. நவம்பர் கடைசியில் அட்வென்ட் தொடங்கியபோது புள்ளியும் போய், 'பின்னால் யாரோ இருமுவதுபோல் காற்று அடித்தது' என்ற வரி மட்டும் எஞ்சியது. டீக்கடையில் மட்டும் இன்னும் முழு ஆளாக உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருக்கு முன்னால் இருந்த டீயைப் பற்றிச் சொன்ன வரி நீங்கிவிட்டது.

டிசம்பர் இருபதாம் தேதி, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தார்கள். பழைய தாளை எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாளை விரிப்பது ஞானகுமாரியின் வழக்கம். அந்த வருடம் தட்டில் கரப்பான் முட்டை இருந்ததால் எல்லாவற்றையும் உரித்தாள். எண்ணெய் டப்பாவும் மஞ்சள் தூள் டப்பாவும் வைக்கும் இடத்தில், மூன்றாவது அடுக்கில், மடிப்புப் பிரிந்த ஒரு ஃபாரம் ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் எட்டாம் இடத்தில் கறுப்புப் பட்டை. கழிவுத் தாள் என்று எடுத்து வந்தவள் அவள்தான். ஐந்து மாதம் ஊரெல்லாம் தேடியபோதும் தினம் மூன்று வேளை அதன் மேலிருந்துதான் எண்ணெய் எடுத்து ஊற்றியிருக்கிறாள். அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, மாவு சலிப்பது போல மெல்ல அதைத் தட்டி, 113இலிருந்து படித்தாள்.

நல்ல செய்தி ஒன்றும் அதில் இல்லை. உச்சிக்கு நூறு அடி இருக்கும்போது புயல் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தது. கடைசியாக வந்த கூலியாள் ஒரு பாறையில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. முன்னால் போன இருவரும் திரும்பி வந்து, கைக்குக் கிடைத்த கற்களை அவர் மேல் அடுக்கிவிட்டு இறங்கினார்கள். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது வாழ்நாள் முழுவதும் உறுத்தும் என்று தபால் அதிகாரி எழுதியிருந்தார். அவர் எழுதிய அசல் புத்தகத்தில் கடைசியாக வந்தவர் கூலியாள். இந்தப் பிரதியில் கூலியாளுக்கும் பின்னால் ஒருவர் வருகிறார்.

பெனிஷா படித்துவிட்டு ஃபாரத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாணாம்மா. இத ஒட்டாத. அங்கியே சுத்திகினு இருக்கட்டும். உசுரோடவாவது கீறாருல்ல."

"சுத்திகினு கீறாரா, கரைஞ்சிகினு கீறாரா? நேத்து நீதானே படிச்ச. இன்னா கீது அதுல?"

"இருமல்."

"தீபாவளிக்குப் புள்ளியாச்சும் தெரிஞ்சுது. இப்போ இருமல் தான் மிச்சம். பொங்கலுக்கு அதுவும் இருக்காது. அப்புறம் எங்கன்னு போய்த் தேடுவ?"

பெனிஷா மடியிலிருந்த ஃபாரத்தை விரித்து மறுபடி படித்தாள். பிறகு, அப்பா ஒரு தடவை முன்னாடி நடந்தால் போதுமே என்றாள். ஒரே ஒரு தடவை கூலியாளை முந்திக்கொண்டால் போதும், அவர் தப்பிவிடுவார். அப்படி நடந்தால் இன்னொரு ஆள் சாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஞானகுமாரி புத்தகத்தை 97ஆம் பக்கத்தில் திறந்து, டீக்கடைக்கு நேராக வாயை வைத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏங்க! காதுல வுழுதா? டீயக் குடிச்சிட்டு முன்னாடி நடங்க. அந்தச் சுமையாளுக்கு முன்னாடி. என் தலைமேல சத்தியம், ஒரு தபா மட்டும் யாரையும் முன்னாடி வுடாதீங்க!"

மறுநாள் படித்தபோது 98ஆம் பக்கத்தில் புதிய வரிகள் இருந்தன. நீலக் கைலிக்காரர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். என்ன என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஊட்ல கூப்புடறாங்க என்று அவர் சொன்னார். 104ஆம் பக்கத்தில் அவர் கூலியாளுக்கு முன்னால் நடந்தார், இருமல் இல்லை. 105, 106, 107, அப்படியே நடந்தார். பெனிஷா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி படித்தாள். 108ஆம் பக்கத்தில் கூலியாள் கால் இடறி முழங்காலில் விழுந்தார். நீலக் கைலிக்காரர் திரும்பிப் பார்த்தார், நின்றார், இறங்கி வந்தார், சுமையை அவிழ்த்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டு, நீ முன்னால் போப்பா என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகு 112வரை அவர்தான் கடைசி.

ஞானகுமாரி புத்தகத்தை மூடினாள். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனாள், நற்கருணை வரிசையில் கடைசியில் நின்றாள், வந்து சமைத்தாள். பண்டிகை முடிந்த மறுநாள் புத்தகத்தையும் எண்ணெய்க் கறை படிந்த ஃபாரத்தையும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இஸ்மாயில் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். 104ஆம் பக்கத்தைப் படித்தார், 108ஐப் படித்தார், தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒட்டிட்டா மறுபடி பிரிக்க முடியாது, ஞானம். தெரியுமில்ல?"

"பத்தொம்பது வருசமா இதான பாய் பண்றேன்."

அவர் அட்டையை உரித்து, அதிகப்படியான ஏழாம் ஃபாரத்தை உருவி எடுத்தார். எட்டாம் ஃபாரத்தை அவளையே வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள். முதுகில் பதின்மூன்று பட்டைகளும் படிக்கட்டுபோல இறங்கின. பொன்னியம்மா வந்து பக்கத்தில் நின்று, பசைக் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். உருவி எடுத்த ஃபாரத்தை இஸ்மாயில் பிரித்துப் பார்த்தார். அதில் யாரும் இல்லை.

ஜனவரி நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, காலை பத்து மணிக்கு ஞானகுமாரி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து 97ஆம் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தாள். எங்கும் நிறுத்தவில்லை. 112ஆம் பக்கத்தின் பாதி வாக்கியம் 113இல் முழு வாக்கியமாயிற்று. மஞ்சள் கறைக்குள் எழுத்துகள் புதிய மையில் இருந்தன. புயல் வந்தது. நீலக் கைலிக்காரர் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். நீங்க போய்க்கினே இருங்க, நான் பின்னாடியே வரேன் என்றார். கூலியாள் உச்சியைத் தாண்டினார். திரும்பி வந்து கல் அடுக்கியவர்கள் இப்போது மூன்று பேர். பெயர் கேட்டு வைக்கவில்லை என்ற வரி இருந்த இடத்தில், டீக்கடையில் கூலியாள் கேட்டு வைத்திருந்தார் என்றும், பிரகாசம், கொரட்டூர் என்றும் இருந்தது. ஞானகுமாரி அந்த இரண்டு சொற்களின் கீழ் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பேருந்தில் நின்றுகொண்டு வந்ததையும், ரயிலையும், 208ஆம் பக்கத்தில் தபால் அதிகாரி தன் வீட்டுக் கதவைத் தட்டுவதையும் படித்து முடித்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே போய் வந்தபோது நாற்காலி இருந்த இடத்தில் கற்கள் குவிந்திருந்தன. ஓர் ஆள் நீளம், முழங்கால் உயரம். இடுக்குகளில் பனி இருந்தது. ஓரத்தில் நீலத் துணி ஒரு விரலளவு தெரிந்தது.

பெனிஷா ஓடிவந்து முதல் கல்லில் கை வைத்தாள். ஞானகுமாரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அந்தக் குளிர்ல மூணு பேரு கல்லு பொறுக்கி மூடிக்கீறாங்க. நாம கலைக்கக் கூடாது" என்றாள். பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

பங்குச் சாமியார் சால்வை போர்த்திக்கொண்டு வந்து அடக்க ஜெபம் சொன்னார். அவர் வாயிலிருந்து புகை வந்தது. பங்கின் அடக்கப் பதிவேட்டில் கல்லறை எண்ணுக்குப் பதில் கதவு எண்ணை எழுதினார். இறப்புச் சான்றிதழ் எழுதும் அலுவலகத்தில் இறந்த இடம் வீடா வெளியூரா என்று கேட்டார்கள். ரெண்டும்னு போட முடியுமா என்று ஞானகுமாரி கேட்டாள். ஒண்ணுதாம்மா டிக் அடிக்கலாம் என்றார் எழுத்தர். அப்போ ஊடுன்னே போட்டுக்கங்க என்றாள்.

பனி உருகவில்லை. பிப்ரவரியில் உருகும் என்றார்கள், மார்ச்சில் உருகும் என்றார்கள். முன்னறையில் எப்போதும் மூன்று டிகிரி இருந்தது. அறைக்கு நடுவே கோடு போட்டதுபோல் குளிர் நின்றது. சமையலறையில் வழக்கமான வெயில். ஞானகுமாரி மாலையில் ஸ்வெட்டரும் கணவரின் மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் படித்த புத்தகங்களை வரிசையாகப் படிக்கிறாள். தொடங்குமுன் ஒவ்வொன்றின் பக்க எண்களையும் கடைசிவரை சரிபார்த்துவிடுகிறாள். விட்டுப்போன இடம் வந்தால் அதற்கு முந்தைய பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறாள்.

இந்த மே மாதம் மறுபடி நாற்பத்தோரு டிகிரி. மின்சாரம் அடிக்கடி போகிறது. மூன்றாம் வீட்டுக்காரர் தன் இன்சுலின் பாட்டில்களைக் கொண்டுவந்து கல்லோரம் வைத்திருக்கிறார். பூக்கார முனியம்மா காலையில் விற்காத மல்லியை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போகிறாள். தெருவில் பாதிப்பேரின் இட்லி மாவு, மூடியில் பெயர் எழுதி, கால்மாட்டில் வரிசையாக இருக்கிறது. தலைமாட்டில் யாரும் வைப்பதில்லை. நேற்று பொன்னியம்மா வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"யக்கா, என் மாவு பொங்கிடுச்சா?"

ஞானகுமாரி கண்ணாடியைக் கழற்றி, தூக்கைத் திறந்து பார்த்தாள்.

"இல்லடி. வெச்ச மாதிரியே கீது."

"அப்போ நாளைக்கி எடுத்துக்கிறேன். அண்ணன் பாத்துக்கட்டும்."